வல்லினம் நீளாது

பதினேழு வயது வரை நான் பழங்காநத்தத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியதில்லை. வீடு அங்கேதான். மதுரை பெரியார் நிலையத்தில் ஏறினால் கண்டக்டரிடம் அந்த முதல் 'ப'வைச் சொல்ல வேண்டும். உதடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் காற்று முட்டும். "எங்க போகணும்? சீக்கிரம் சொல்லு தம்பி." சட்டென்று "ஆண்டாள்புரம்" என்றுவிடுவேன். உயிரெழுத்து என்னை ஒருபோதும் கைவிட்டதில்லை. முன்கூட்டியே இறங்கி மிச்ச தூரம் நடை.

திக்குவாய்க்காரனின் சொல்வளம் இப்படித்தான் வளர்கிறது. வாக்கியம் கிளம்பும்போதே நாலு சொல் தள்ளி இருக்கும் பள்ளம் தெரிந்துவிடும். அங்கே போய்ச் சேர்வதற்குள் வேறு சொல் பிடிக்க வேண்டும். கவிதை எழுத வந்தபோது இந்தப் பழக்கம் கைகொடுத்தது. என் முதல் தொகுப்பில் 'ஒட்டிய வயிறு' என்ற இடத்தை ஒரு விமர்சகர் தனியாக எடுத்துப் பாராட்டினார். நான் எழுத நினைத்தது 'பசி'. மேடையில் வாசிக்கச் சொன்னால் வாய் திறக்காதே என்று பயந்து மாற்றியது அது. பாராட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

அப்படி மாற்றியும் வெளியீட்டு விழாவில் நான் வாசிக்கவில்லை. நண்பர் வாசித்தார், கணீரென்று. மூச்சு வாங்க நான் வரி உடைத்த இடங்களையெல்லாம் அவர் ஒரே தாவலில் தாண்டிப் போனார். நல்ல வாசிப்புதான். என் கவிதைதான் அதில் இல்லை.

பாடும்போது மட்டும் எனக்குத் திக்காது. திக்குகிற பெரும்பாலோருக்கும் அப்படித்தான். சொற்கள் முன்பே தெரிந்தவை, உயிரொலிகள் நீள்கின்றன, எப்போது தொடங்க வேண்டும் என்பதைத் தாளம் சொல்லிவிடுகிறது. "பாடுறப்ப வருதுல்ல? பேசுறதையும் ராகம் போட்டுப் பேசேன்டா" என்பாள் அம்மா. அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் ஸ்கேட்மேன் ஜானின் கதையைச் சொல்லித் தேற்றியவர்களும் உண்டு. திக்குவாயோடு வாழ்ந்தவர், ஐம்பது வயதுக்கு மேல், 1994-இல் வெளிவந்த ஒரே பாட்டால் உலகப் புகழ் பெற்றார். அந்தப் பாட்டே திக்கலைப் பற்றியதுதான். ஆனால் என்னிடம் சொன்னவர்கள் அதை ஜெயித்த கதையாகச் சொன்னார்கள். தடங்கல் மறைந்தால்தான் கலை என்பது போல.

ஆல்வின் லூசியரைக் கேட்டது பிற்பாடு. அவரும் திக்குகிறவர். 1969-இல் அவர் செய்த காரியம் எளிமையானது. ஓர் அறையில் உட்கார்ந்து, தான் என்ன செய்யப்போகிறேன் என்பதைப் பேசிப் பதிவுசெய்கிறார். அதை அதே அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிகிறார். பிறகு அந்தப் பதிவை. திரும்பத் திரும்ப. ஒவ்வொரு சுற்றிலும் அறைக்குப் பிடித்த அதிர்வுகள் மட்டும் பெருத்து, பேச்சு கரைந்து, கடைசியில் மணிநாதம் போல ஒரு கார்வை மிஞ்சுகிறது. தன் பேச்சிலுள்ள கரடுமுரடுகளை மழுக்குவதும் நோக்கம் என்று அவரே அதில் சொல்கிறார். 1981-இல் வெளியான பதிவு முக்கால் மணி நேரம் ஓடும். ஹெட்போனில் கேட்டேன். அவர் வாய் இடறுவது 'ரிதம்' என்ற சொல்லில்! சொற்களெல்லாம் அழிந்த பிறகும், அந்த இடறல் இருந்த இடத்தில் ஒரு துடிப்பு தங்குவதாக எனக்குக் கேட்டது. என் காது விரும்பிக் கேட்டதாகவும் இருக்கலாம்.

ஆனாலும் லூசியர் மழுக்கத்தான் பார்த்தார். நியூயார்க்கில் 2020 புத்தாண்டு அன்று நடந்த கவிதை வாசிப்பில் ஜெரோம் எல்லிஸ் நேரெதிராகச் செய்தார். நிறையப் பேர் வாசிக்கும் நிகழ்ச்சி, ஆளுக்குச் சில நிமிடங்கள்தான். எல்லாருக்கும் ஒரே அளவு நேரம் என்பது திக்குகிறவனுக்கு ஒரே அளவாக இருக்குமா? அதைத்தான் அவர் கேட்டார், நேரத்தை வேண்டுமென்றே தாண்டி. கவிஞர், சாக்ஸபோன் கலைஞர். தன் பெயரில்தான் அதிகம் திக்குவதால் பெயரின் முதல் எழுத்தை ஐந்து முறை எழுதுகிறவர். அவருடைய திக்கல் எழுத்தைத் திருப்பிச் சொல்வது அல்ல, என்னுடையது போல அடைப்பு, முழு மௌனம். அந்த மௌனத்தைக் காட்டுக்குள் திடீரென்று வரும் வெட்டவெளி என்கிறார். 2021-இல் வந்த அவருடைய இசைத்தொகுப்பின் பெயரும் அதுதான்.

நம் இலக்கணத்தில் அளபெடை இருக்கிறதே என்று அப்போது நன்னூலைப் புரட்டினேன். செய்யுளில் ஓசை குறைந்தால் எழுத்தை நீட்டிக்கொள்ளலாம். நெடில் நீளும், மெய்யில் மெல்லினமும் ய, வ, ல, ளவும் ஆய்தமும் நீளும். வல்லினத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. க, ச, ட, த, ப, ற. என் பகைவர்களின் பட்டியல் அப்படியே. வல்லினம் நீளாது, நிற்கும்.

போன வருடம் ஒரு சின்ன வாசகர் கூட்டம், இருபது பேர் இருக்கலாம். நானே வாசிக்கிறேன் என்றேன். அந்தக் கவிதைதான், ஆனால் 'பசி'யைத் திரும்ப வைத்து. அந்த இடம் வந்தது. உதடு ஒட்டியது. மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போனது. முன்வரிசையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்த பெரியவர், உதவி செய்கிறவராக, "ஒட்டிய வயிறு" என்று எடுத்துக்கொடுத்தார். இல்லை என்று தலையாட்டினேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார். மறுபடி தலையாட்டினேன். பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

வந்தது.

டீ குடிக்கும்போது பெரியவர் பக்கத்தில் வந்தார். "புக்குல வேற மாதிரில்ல சார் போட்ருக்கு?"

"ஆமாங்கய்யா," என்றேன். "அச்சுல த... த... தப்பாயிருச்சு."