பெயரற்ற தாய்

எமது அம்மாயியைப் பெற்றவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். அது எமக்குத் தெரியாது. பெல்மதுளைக்கு அருகே ஒரு றப்பர்த் தோட்டத்து லயத்தில், அம்மா பிறக்குமுன்பே அவள் மடிந்தாள். அம்மாயியும் அப்பெயரைச் சொல்லாமலே போய்விட்டாள்.

1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில்தான் எம்மவர் முதன்முதலாக ‘இந்தியத் தமிழர்’ என்று தனியே வகுக்கப்பட்டனர். டென்ஹாம் என்னும் அதிகாரி பொறுப்பேற்று நடத்திய கணக்கு அது. பக்கங்களைப் புரட்டினோம். ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை. அந்தப் ‘பெண்கள் இத்தனை’க்குள் அவளும் ஒரு சிறுமியாக நிற்கிறாள், வெறும் ஒன்றாக. தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லையோடு மனிதர் கடல்கடந்து வந்த காலமல்லவா! துரைமாருக்கு இலக்கம் போதும்.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டமோ, 1946 ஜனவரி 1க்கு முன் மணமானோர் ஏழாண்டும் மற்றோர் பத்தாண்டும் இடையறாது இங்கு வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. தலையை எண்ணி வைத்தவர்கள் பத்திரம் கேட்டார்கள்! அம்மாயியின் மனு தள்ளப்பட்டது. பின்னர் 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கீடு நடந்தது. அம்மாயி இங்கே, அவள் தங்கை அங்கே. தங்கையின் மகள் கப்பலேறியபோது அம்மாவுக்கு எட்டு வயது. பிறகு கடிதமும் நின்றது.

கனடாவிலுள்ள சித்தி மகள் தன் எச்சிலைக் குப்பியிலிட்டு மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினாள். தாய் மகளுக்கும் மகள் தன் மகளுக்கும் வழங்கும் ஒரு மரபணுத் தொடர் உண்டு. அத்தொடரில் எமது மூதாட்டி இருக்கிறாள். விடையோ, ‘தென்னிந்தியா, இலங்கை’ என்றது. இதைச் சொல்லக் குப்பி எதற்கு? ஊரும் பெயரும் எச்சிலில் இல்லை. ஆயினும் இரத்த உறவினர் பட்டியலில் பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர் இருந்தார். காசு கொடுத்துப் பரிசோதித்தோர் மட்டுமே அகப்படும் பட்டியல் அது. லயத்தில் இருப்போர் அதில் எங்ஙனம் வருவர்? அவருடைய தாய் கூடலூரில் இருக்கிறார். தாயகம் திரும்பியோருக்கென 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர்.

தொலைபேசியில் அவரிடம் அந்தப் பெயரைக் கேட்டோம்.

“நாங்களும் அம்மாயின்னுதான் கூப்பிடுவோம். பேரை யாரு சொன்னா?”

சற்று நேரம் பேச்சில்லை. பின், “அந்தப் பீலியில இன்னும் தண்ணி வருதா?” என்றார்.

அம்மா தொலைபேசியை எம்மிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

“வருது அக்கா.”