முன்கூட்டியே வந்த ஐம்பது

தேக்கா சந்தையிலிருந்து பொடிநடையாகப் போகும் தூரத்தில் இருக்கிறது கேகே மருத்துவமனை. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கணக்கு அது. அந்த வாசலில் கல்யாணமான பெண்ணைக் கண்டால் நம்மவர்கள் வாயில் ஒரே கேள்விதான் வரும்.

38 வயதில் என் சினைப்பைகள் ஓய்ந்துவிட்டன என்று உறுதியான அன்று என்னையும் அந்தக் கேள்வி கேட்டார்கள். எங்கள் புளோக்கு அக்கா, ஒரு கையில் முருங்கைக்கீரைக் கட்டு, மறு கையில் இழுவை வண்டி. "என்னம்மா, விசேஷமா?" முகமெல்லாம் சந்தோஷம். "இல்லக்கா, சும்மா செக்கப்" என்று சொல்லிவிட்டு எம்ஆர்டி பக்கம் திரும்பிக்கொண்டேன். நல்ல மனுஷி அவர். என்ன செய்வார், பாவம்.

அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தூக்கம் போயிருந்தது. ஏர்கான் ஓடிக்கொண்டிருக்கும், நைட்டி தொப்பலாக நனைந்திருக்கும். மீட்டிங்கில் தினமும் பேசுகிறவரின் பெயர் வாயில் வராது. சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது என்று கணவர் சொன்னால் போதும், பொலபொலவென்று அழுகை. ஆபீஸ் லிஃப்டில் காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும். பக்கத்து கிளினிக்கில் "வேலை டென்ஷன்" என்று இரண்டு நாள் எம்சி எழுதிக் கொடுத்தார்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்கவில்லை. 38 வயதுக்காரியிடம் அதை யார் கேட்பார்கள்!

மாமியாரிடம் மெல்லச் சொன்னபோது, "விடும்மா, இனிமே நெனச்ச நாள்ல வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகலாம்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று ராத்திரி முழுக்க அது உறுத்திக்கொண்டிருந்தது.

40 வயதுக்குள் மாதவிலக்கு நின்றுபோவது நூற்றில் ஒரு பெண்ணுக்கு என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அண்மைக் கணக்குகள் அதைவிடக் கூடுதலாகவே காட்டுகின்றன. புற்றுநோய்ச் சிகிச்சை, சினைப்பையை எடுத்துவிடுவது, குரோமோசோம் கோளாறு, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்பையே தாக்குவது என்று காரணங்கள் உண்டு. பெரும்பாலோருக்குக் காரணம் தெரிவதே இல்லை. சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கருப்பையோடு நிற்கும் சரக்கு இல்லை. தூக்கம், மனநிலை, ஞாபகம் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. மனச்சோர்வும் பதற்றமும் இப்படிப்பட்ட பெண்களிடம் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுவதில் வியப்பில்லை.

ஆனால் பழியை எல்லாம் ஹார்மோன்மேல் போட எனக்கு மனமில்லை. 50 வயதில் இது வந்தால் கூட்டாளிகள் நாலு பேருக்கும் சேர்ந்து வரும். கோமளவிலாசில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே சிரிக்கலாம். என் கூட்டாளிகளோ பிஎஸ்எல்இ டியூஷனைப் பற்றியும், இன்னொன்று பெற்றுக்கொள்ளலாமா என்றும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், இன்னொரு குழந்தைக்குத் திட்டமும் இல்லை. இருந்தும், இனி முடியாது என்று பிறர் சொல்லிக் கேட்டபோது வீட்டில் யாரோ செத்ததுபோல் இருந்தது. "ஒண்ணுதான் இருக்கே" என்பவர்களுக்கு இது புரியாது.

ஹார்மோன் மாத்திரை என்றதும் பயந்தேன். 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு என்று உலகத்தையே மிரட்டிவைத்திருந்தது. அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63 என்பதை டாக்டர்தான் எடுத்துச் சொன்னார். என் வயதில் உடல் தானாகச் சுரந்திருக்க வேண்டியதைத்தான் திருப்பித் தருகிறார்கள். எலும்புக்கும் இதயத்துக்கும் அது தேவை. மார்பகப் புற்றுநோய் போன்ற தடை இல்லாதவர்களுக்கு ஏறக்குறைய 50 வயதுவரை தருவதுதான் வழக்கம். மாத்திரையில் தூக்கம் திரும்பியது. துக்கம் அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. அதற்குத் தனியாக ஆலோசகரிடம் போனேன். போனது வெட்கமாக இல்லை, பில்தான் கொஞ்சம் வலித்தது.

40க்குக் கீழே உள்ளவரா? கர்ப்பமும் இல்லை, நாலு மாதமாக மாதவிலக்கு தாறுமாறாக இருக்கிறது அல்லது வரவே இல்லை என்றால் எஃப்எஸ்எச் ஹார்மோன் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். தூக்கத்தையும் அழுகையையும் பற்றி டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். நடுராத்திரியில் தாங்க முடியாமல் போனால் மனநல உதவி எண் 1771க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் ஆள் இருக்கிறார்கள்.