நுனிக்கால்

மூன்று வருடம் மீட்டியார் 350 ஓட்டினேன். இருக்கை உயரம் 765 மி.மீ.; இரு பாதமும் தரையில் பதியும். ஹிமாலயன் 450-இல் 825. நுனிக்கால்தான் எட்டுகிறது. யாருடைய காலை அளந்து செய்தார்களோ! "இது ஆம்பளைங்க வண்டில்லா டீச்சர்" என்றார் டீக்கடை அண்ணாச்சி.

முதல் ஞாயிறே மணப்பாட்டில், திருச்சிலுவைக் கோயில் மேட்டுக்குக் கீழே, மணலில் சாய்த்துவிட்டேன். 196 கிலோ. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அக்கா ஓடிவந்து கைகொடுத்தார். "கால் எட்டலைன்னா என்ன, ஓடுதுல்லா?"

ஓடுகிறது. பழைய வண்டியில் கால்கள் முன்னால் நீண்டிருக்கும். எழுந்து நின்று ஓட்ட வராது. இதில் கால்மிதி உடம்புக்கு நேர் கீழே. 21 அங்குல முன்சக்கரம் மணலில் அலைய அலைய, நின்றபடியே ஓட்டினேன். உடைமரங்களுக்கு மேலாகக் கடல் தெரிந்தது.

நிறுத்தும்போது மட்டும், இடது காலுக்கு ஒரு மேடு தேடுகிறேன்.