சேது தாண்டிய அணில்

ராமபிரான் சேது கட்டியபோது மணல் சுமந்த அணிலின் கதையைச் சொல்லாத பாட்டி நம் வீடுகளில் உண்டோ? அந்த அணிலின் பெரிய உறவினர் ஒருவர் மதுரைச் சீமைக்கு அருகிலேயே குடியிருக்கிறார். அவருக்கும் சேதுக் கடலுக்கும் வேறொரு பழைய சம்பந்தம் இருக்கிறது.

மதுரையிலிருந்து திருமங்கலம், கல்லுப்பட்டி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இரண்டு மணி நேர பஸ் பிரயாணம். வழி நெடுகக் கரிசல் பூமி, வெயில், வேலிக் கருவேல். ஆண்டாள் சந்நிதியில் தரிசனத்தை முடித்து, பால்கோவாவும் வாங்கிக்கொண்டு, மலையை நோக்கி மேற்கே சில கிலோமீட்டர் போனால் செண்பகத்தோப்பு. புளியும் மாவும் ஒன்றோடொன்று கிளை கோத்து நிற்கின்றன.

அண்ணாந்து பாருங்கள். அதோ, சாம்பல் நிற மலையணில்! பூனையை ஒத்த உடம்பு, அதே நீளத்துக்குப் புசுபுசுவென்று வால், ரோமத்தில் நரை. பின்னங்கால்களால் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கியபடி இரு கைகளாலும் பழத்தைப் பிடித்துத் தின்னும் அழகே அழகு! இவருக்காகவே 1988-ல் இங்கே சரணாலயம் ஏற்பட்டது. 2021-ல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது.

விசேஷம் என்னவென்றால், இலங்கையின் வறண்ட காடுகளிலும் இதே அணில் இருக்கிறது! தரையில் இறங்கவே தயங்கும் பிராணி கடலை எப்படித் தாண்டியது?

பதில் பனியில் இருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகம் குளிர்ந்து போயிருந்தது. வட தேசங்களில் பனி மலைமலையாகக் குவிந்தது. அவ்வளவு நீரும் பனியாகிவிடவே, கடல் மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் இறங்கியது. பாக் நீரிணையோ ஆழமற்ற கடல். ஆகவே இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலமாயின. பனி யுகங்களில் இப்படிப் பல தடவை நேர்ந்தது. அந்த நிலத்தில் மரம் அடர்ந்த காலங்களில் அணிலும் தேவாங்கும் கிளை வழியே போய் வந்திருக்க வேண்டும். பிறகு பனி உருகியது; கடல் ஏறியது; பாதை மூழ்கியது.

தனிக்குடித்தனம் போன பங்காளிகள் நாளடைவில் வேறு வேறு பழக்கத்துக்கு வந்துவிடுவதில்லையா? அணில் குடும்பத்திலும் அதே கதைதான். இலங்கையின் மழைக்காட்டுக் கிளைக்கு முதுகு கறுப்பு. வறண்ட காட்டுக் கிளைக்குச் சாம்பல். நமது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காட்டில் இருக்கும் செம்பழுப்பு மலையணிலோ தனி இனமாகவே ஆகிவிட்டது. மழையும் வறட்சியும் மாறி மாறி வந்து காடுகள் விரிந்து சுருங்கியபோதெல்லாம், ஒரு குடும்பம் பலவாயிற்று.

அன்று பருவம் மாற ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. பிராணிகளுக்கு இடம் பெயர அவகாசம் இருந்தது, வழியும் இருந்தது. இன்று பாட்டி கண்ட கோடை வேறு, பேத்தி காணும் கோடை வேறு. இடம் பெயரலாம் என்றாலோ காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே சாலையும் வயலும் வீடும் வந்துவிட்டன. அடிவாரத் தோப்புகளில் இடைவெளி விழுந்தால் அணில் தரையில் இறங்கியே தீர வேண்டும். அங்கே நாய் காத்திருக்கும்.

ராமேசுவரத்தில் கடல் மூடிய பாதையை நம்மால் திறக்க முடியாது. ஆனால் செண்பகத்தோப்பில் ஒரு புளிய மரத்தை வெட்டினால், அந்த அணிலுக்கு அந்த இடமே ஒரு பாக் நீரிணை.