பூட்டத் தெரிந்த தலைமை ஆசிரியர்

ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் தலைமை ஆசிரியரால் ஒரு சுவரை இடிக்கவோ கட்டவோ முடியாது. கட்டடம் ஒன்றியத்தைச் சேர்ந்தது. அது உறுதியாக இருக்கிறதா என்று சான்று தர வேண்டியவர் பொறியாளர். தாழத் தொங்கும் கம்பியை இழுத்துக் கட்ட மின்வாரியம் வர வேண்டும். ஆனால் பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் முதல் கேள்வி எங்களிடம்தான். இப்படிப்பட்ட நாற்காலியில் இருந்தபடி நான் புரிந்துகொண்டது இதுதான்: பாதுகாப்பைப் பொறுத்தவரை எங்கள் கையில் உள்ள உண்மையான அதிகாரம், நிறுத்துகிற அதிகாரம்.

சட்டம் கேட்பது நிறைய. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எல்லாப் பருவத்தையும் தாங்கும் கட்டடம், ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், சுற்றுச்சுவர் எல்லாம் வேண்டும் என்கிறது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்ட பிறகு தொடரப்பட்ட வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சொன்னது. தீயணைப்பான்களை மாட்டுவதும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதும் அந்த உத்தரவில் வந்தவை.

இவற்றில் பணம் தேவைப்படுபவை எங்களைத் தாண்டியவை. பார்வை மட்டும் தேவைப்படுபவை எங்களுடையவை. ஐப்பசி மழை நின்றதும் பள்ளியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். நேற்றுவரை சாத்திய கதவு இன்று நிலையில் இடித்தால் தரை இறங்கியிருக்கலாம். சன்ஷேடில் காரை உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அதன் கீழே பிள்ளைகள் நிற்கக் கூடாது. வகுப்பறையைப் பார்க்கிற அக்கறையோடு கழிப்பறைச் சுவரை யாரும் பார்ப்பதில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் மூன்று மாணவர்களின் உயிரைப் பறித்தது கழிப்பறைச் சுவர்தான்.

சந்தேகம் வந்த அறையை அன்றே பூட்டிவிட வேண்டும், கடிதம் பிறகு. “பிள்ளைகள வராண்டாவுல உக்கார வச்சிட்டீங்களே சார்” என்று பெற்றோர் வருவார்கள். வரட்டும். அவர்களையே பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்கார வைத்துத் தீர்மானம் போட வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் எழுதும்போது, விரிசல் இருக்கிறது என்பதோடு நிறுத்தக் கூடாது. எந்தத் தேதியிலிருந்து அறை மூடியிருக்கிறது, எந்த வகுப்பு எங்கே நடக்கிறது என்று எழுதி, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்க வேண்டும். விரிசலைப் பற்றிய கடிதம் கோப்பில் கிடக்கும். வகுப்பு வராண்டாவில் நடக்கிறது என்ற கடிதத்துக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

சத்துணவும் அப்படித்தான். 2013இல் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளிச் சாப்பாட்டில் பூச்சிமருந்து கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள். அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை பின்னர் சிறைத் தண்டனை பெற்றார். பரிமாறுமுன் ஆசிரியர் ஒருவராவது உணவைச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சாப்பிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. வாயில் வைத்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும். சாம்பாரில் வாடை வந்தால் அண்டாவை அப்படியே ஓரங்கட்டச் சொல்ல வேண்டும். அமைப்பாளருக்கு அன்று மனம் கசக்கும். பசித்த பிள்ளைகளைக் காக்க வைப்பது அதைவிடக் கசப்பு. இரும்புச்சத்து மாத்திரை தரும் நாளிலும் வெறும் வயிற்றோடு நிற்கும் பிள்ளையைத் தனியே நிறுத்திவைக்கிறோம். சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் சட்டம் இந்த அதிகாரத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. பாலியல் தொல்லை பற்றி ஒரு குழந்தை வாய் திறந்தால், அதைப் பள்ளிக்குள் நிறுத்த எங்களுக்கு உரிமை இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அறிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் தெரிவிக்காமல் விட்டால் ஓராண்டுவரை சிறை. “பொம்பளப் புள்ள சார், வெளிய தெரிஞ்சா அசிங்கம்” என்று ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். விசாரித்து உண்மையா பொய்யா என்று முடிவு செய்வது எங்கள் வேலை அல்ல என்பதே அங்கே எங்களுக்குப் பலம். “நான் சொல்லாவிட்டால் நான் குற்றவாளி” என்று அவர்களிடம் நேராகச் சொல்லிவிடலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் எழுதிவைத்திருப்பது பிள்ளைகளுக்காக மட்டுமல்ல.

ஆய்வுக்கு வருகிறவர்கள் பதிவேடுகளைக் கேட்கிறார்கள், தீயணைப்பானின் காலாவதித் தேதியைப் பார்க்கிறார்கள். தவறில்லை. கூடவே, “இந்த வருஷம் எதையெல்லாம் நிறுத்தினீங்க?” என்று ஒரு கேள்வி கேட்கலாம். ஒன்றுமே இல்லை என்று பதில் வரும் பள்ளியில், பதிவேட்டை மூடிவைத்துவிட்டு அவர்களே ஒரு சுற்று நடந்து பார்ப்பது நல்லது.