போட் மெயில்: கப்பல் போன பிறகும் பெயர் போகாத ரயில்

சென்னை எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் ரயிலை இன்றும் பலர் "போட் மெயில்" என்றுதான் சொல்கிறார்கள். ரயிலுக்கும் போட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்ததுண்டா? ஒரு காலத்தில் இந்தப் பயணம் ராமேஸ்வரம் தீவோடு முடியவில்லை. கொழும்பு வரை போனது!

முதலில் இந்த வழி தூத்துக்குடி வழியாக இருந்தது. அதுவரை ரயில், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் எல்லாம் மாறியது. ரயில் நேரே தனுஷ்கோடி துறைமுகம் வரை போனது. பயணிகள் இறங்கிக் கப்பல் ஏறினால், சுமார் 35 கிலோமீட்டர் தாண்டித் தலைமன்னார். அங்கே கொழும்பு ரயில் காத்திருக்கும். ரயில், கப்பல், மறுபடி ரயில்... மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்!

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் போட் மெயில் அடித்துச் செல்லப்பட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கடலுக்குப் பலியானது பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்த பாசஞ்சர் வண்டி. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தனுஷ்கோடி அழிந்தது, அந்தத் தண்டவாளம் திரும்பப் போடப்படவில்லை. ஆனால் கப்பல் சேவை சாகவில்லை. ராமேஸ்வரத்துக்கு இடம் மாறித் தலைமன்னாருக்குத் தொடர்ந்து ஓடியது.

இந்தத் தடத்தில் போனவர்கள் துரைமார்களும் வியாபாரிகளும் மட்டுமல்ல. இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன தமிழர்கள் மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்டு, நோய் இல்லை என்று பார்த்த பிறகே கப்பல் ஏற்றப்பட்டார்கள். 1948ல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. புயலுக்கு இரண்டு மாதம் முன்புதான், 1964 அக்டோபரில், சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவு. அந்தப் பேச்சுவார்த்தையில் அவர்களை யாரும் கேட்கவில்லை.

அப்படித் திரும்பியவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். தாத்தா போன அதே கடல்வழியில் பேரன் "தாயகம்" வந்தான், அதுவரை பார்த்தே இராத தாயகம்! வந்தவர்களை முதலில் வரவேற்றதும் அதே மண்டபம் முகாம்தான். 1980களில் போர் மூண்டதும் கப்பல் நின்றது. பிறகு மீன்பிடிப் படகுகளில் தப்பி வந்த அகதிகளும் அதே மண்டபத்துக்கே கொண்டு போகப்பட்டார்கள்.

ஆக, போட் மெயிலை முடித்தது புயல் அல்ல, போர்தான். கடல் ஊரைக் கொண்டு போனபோது மனிதர்கள் வேறு துறையிலிருந்து கப்பலை விட்டார்கள். மனிதர்களே சண்டை போட்டபோது மாற்றுவழி இல்லாமல் போனது.

போரில் சிதைந்த தலைமன்னார் ரயில் பாதை 2015ல் மறுபடி திறந்தது. இந்தப் பக்கம் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. 2023ல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பலும் தொடங்கியது. ஆனால் ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பல் மட்டும் இன்னும் வரவில்லை. இரண்டு கரையிலும் ரயில் ஓடுகிறது, நடுவில் அந்தக் கடல்தான் பாக்கி.