பாலாறு போய்ச் சேரும் கடல்

காட்பாடிக்காரர்களுக்குக் கடல் என்பது ரயிலேறிச் சென்னைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஒன்று. நம் வாழ்க்கையோடு அதற்கு வேறு சம்பந்தம் இருப்பதாகப் பெரும்பாலும் நினைப்பதில்லை. ஆனால் விருதம்பட்டுக்கும் வேலூருக்கும் நடுவே, பாலத்துக்குக் கீழே மணலும் முள்செடியுமாகக் கிடக்கும் பாலாறு ஏரியிலோ அணையிலோ முடிந்துவிடுவதில்லை. கர்நாடகத்தின் நந்தி மலையில் புறப்பட்டு, மூன்று மாநிலங்களில் 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலில் விழுகிறது. அந்த முகத்துவாரத்திலிருந்து கரையோரமாக வடக்கே போனால் மாமல்லபுரம், அதற்கும் வடக்கே கோவளம். தமிழ்நாட்டில் சர்ஃபிங் பழகுகிறவர்கள் முதலில் சொல்லும் பெயர்கள் இந்த இரண்டும்தான்.

எங்கள் ஆறு சேரும் கடலில் அலையேறுகிறவர்களையும், அவர்களுடைய பலகைகளைச் செப்பனிடும் கைகளையும் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. தோல் தொழிலை நம்பி வளர்ந்த குடும்பம் எங்களுடையது. எந்தப் பொருளைக் கண்டாலும் இது எதனால் செய்தது, செய்தவரின் விரல்கள் எப்படி இருக்கின்றன என்றுதான் எனக்குப் பார்க்கத் தோன்றும்.

கோவளத்தில் மீனவர் குடியிருப்பை ஒட்டி ஓலைக் கூரை வேய்ந்த ஒரு கொட்டகை. வாசலை நெருங்கும்போதே ரெசின் வாடை மூக்கில் ஏறியது. உள்ளே மரச் சட்டங்களின் மேல் போர்டுகள் குப்புறக் கிடந்தன. மூக்கு உடைந்தது ஒன்று, துடுப்பு பிய்ந்து பள்ளம் விழுந்தது ஒன்று, நடுவில் இரண்டாக முறிந்தது ஒன்று. வேலை பார்த்த அண்ணன் முன்பு ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போட்டவர். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் குவிந்தபோது, அவற்றைப் பழுது பார்க்கும் வேலையும் கூடவே வந்தது. அங்கே பழகிய கைதான் இப்போது போர்டுகளில் ஓடுகிறது.

"தண்ணி குடிச்ச போர்டுக்கு அவசரப்பட்டு ஒட்டுப் போடக் கூடாது சார். மேல பளபளன்னு இருக்கும், உள்ள நுரை அழுகிடும்" என்றார். அடிபட்ட இடத்தைக் கத்தியால் கீறித் திறந்து, ஈரம் சொட்டச் சொட்ட நிழலில் சாய்த்து வைக்கிறார். வெயிலில் வைத்தால் உள்ளே காற்று விரிந்து மேல் தோல் கொப்பளிக்குமாம். காய்ந்ததும் கெட்டுப்போன நுரையைச் சுரண்டி எடுத்து, புதுத் துண்டு வைத்து இழைக்கிறார். பிறகு ஃபைபர் துணியை அளவாக வெட்டிப் போட்டு, ஹார்ட்னர் கலந்த ரெசினைத் தகட்டால் இழுத்துத் தேய்க்கிறார். எந்த நுரைக்கு எந்த ரெசின் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். தெர்மகோல் இனத்து நுரையில் பாலியஸ்டர் ரெசினை ஊற்றினால் நுரையே கரைந்து குழியாகிவிடும். அதற்கு எபாக்ஸிதான். விரல் நகத்தால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தே இது எந்த இனம் என்று சொல்லிவிடுகிறார். கலவை இறுகுவதற்குள் கையில் இருப்பது சில நிமிடங்கள். அந்த நேரத்தில் அவர் யாரோடும் பேசுவதில்லை, நானும் பேசவில்லை.

இறுகிய பிறகு உப்புத்தாள். இந்தக் கட்டம்தான் எனக்கு நெஞ்சைப் பிசைந்தது. தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி இழைத் தூள் வெயிலில் மினுமினுத்துக்கொண்டு பறக்கிறது. அவர் மூக்கில் கட்டியிருந்தது வெறும் கைக்குட்டை. முழங்கை வரை அரிப்பு, ராத்திரியில் பச்சைத் தண்ணீரில் கழுவினால்தான் தூக்கம் என்றார். தோல் பதனிடும் எங்கள் பக்கத்து டேனரிகளில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர்களின் காலையும், டிரம்மிலிருந்து குரோமியம் ஏறிய ஈரமான ‘வெட் புளூ’ தோலை இழுத்துப் போடுகிறவர்களின் உள்ளங்கையையும் பார்த்து வளர்ந்தவன் நான். கடலை நேசிக்கிறோம் என்று சொல்லும் ஒரு விளையாட்டு, தன் பலகையைத் தேய்க்கிறவருக்கு நல்ல முகமூடி வாங்கித் தர வேண்டாமா? போர்டு வைத்திருப்பவர்கள் இதை ஒரு செலவாகவே நினைக்கக் கூடாது.

சர்ஃப் போர்டு என்பது பெட்ரோலியத்தில் பிறந்த நுரையும் பிசினும்தான். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. 2005 டிசம்பரில், அமெரிக்காவில் இந்த நுரைப் பலகைகளைப் பெருமளவில் செய்துவந்த கிளார்க் ஃபோம் நிறுவனம் திடீரென்று மூடப்பட்டபோது, அதில் பயன்பட்ட நச்சு ரசாயனம் பற்றிய கெடுபிடிகளும் காரணமாகப் பேசப்பட்டன. போர்டை உடைந்தவுடன் தூக்கிப் போடாமல் திரும்பத் திரும்ப ஒட்டி ஓட்டுகிற இந்தக் கொட்டகைகள்தாம் அந்த விளையாட்டின் பாவத்தைக் கொஞ்சமாவது குறைக்கின்றன.

அதே குப்பத்தில் மணலில் உட்கார்ந்து நைலான் கயிறு பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கட்டுமரத்தைப் பற்றிக் கேட்டேன். வயதுக்கு மீறிய உற்சாகத்தோடு பேசினார். லேசான மரமாகப் பார்த்து வாங்கி, வாச்சியால் செதுக்கி வளைவு கொடுத்து, நடுமரம் கொஞ்சம் தாழ்ந்திருக்க, பக்கமரங்கள் உயர்ந்திருக்க, அணியத்தைக் கூர்மையாக்கிக் கயிற்றால் கட்டுவார்கள். ஆணி கிடையாது. அலை மேலே ஏறினாலும் மர இடுக்கு வழியாகத் தண்ணீர் வடிந்துவிடும், ஆகவே மூழ்காது. கரை ஏறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். ஊறிய மரம் கனத்துவிடும் என்பதால் தினமும் இந்த வேலை. "நீங்க சர்ஃபிங்குன்னு சொல்றீங்க தம்பி. சின்ன வயசுல உடைஞ்ச மரத்துண்டு மேல படுத்துக்கிட்டு அலையோட கரைக்கு வருவோம். அதுக்குப் பேரெல்லாம் வைக்கல" என்றார்.

இது வெறும் பெருமைப் பேச்சல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் எழும்பும் வரை சென்னையில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். நடுவில் சீறும் அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கொண்டு சேர்த்தவை தையல் போட்ட மசூலாப் படகுகள். அவை கூட இறங்க முடியாத கடலில் கட்டுமரக்காரர்கள்தாம் கடிதங்களைத் தொப்பியில் செருகிக்கொண்டு போய்க் கொடுத்தார்கள். கவிழ்ந்த படகிலிருந்து ஆட்களை மீட்டதற்காக அவர்களுக்குப் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள். வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலிலேயே சோழமண்டலக் கரையின் கட்டுமரம் வந்துவிட்டது. சோழமண்டலக் கரையில் அலையேறும் கலை ஹவாயிலிருந்து இறக்குமதியானது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பலகை மட்டும்தான் புதிது.

கோவளத்து மீனவரான மூர்த்தி மேகவன் இந்தப் புதுப் பலகையைத் தன் ஊருக்குப் பழக்கியவர். தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012இல் சர்ஃப் பள்ளி தொடங்கினார். குடியும் புகையும் கூடாது என்பது அங்கே கட்டளை. பள்ளியில் பழகிய மீனவப் பிள்ளைகள் இன்று பயிற்சியாளர்கள். மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் போட்டி நடந்தபோது ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம் அது.

கொட்டகையில் ஒரு பையன் ஒட்டுப் போட்ட வெள்ளைத் திட்டின் மேல் பெயின்ட் பேனாவால் வரைந்துகொண்டிருந்தான். வஞ்சிரம் ஒன்று, அதன் வாயில் வலைத்துண்டு. மேலே ஒரு பூச்சு ரெசின் போனால் படம் அழியாதாம். இதைக் கலை என்று சொல்லலாமா என்று அவன் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். கோவளத்திலிருந்து சென்னை போகும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. அங்கே ஓவியர்கள் பாத்திக் போன்ற கைத்தொழிலைச் செய்து விற்றுத்தான் தங்கள் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இன்னும் வடக்கே ஊரூர் ஆல்காட் குப்பத்தில் டி.எம். கிருஷ்ணா, நித்யானந்த் ஜெயராமன் போன்றவர்கள் ஊர்மக்களோடு சேர்ந்து 2015இல் தொடங்கிய விழா, சபாக்களின் இசையை மீனவர் தெருவுக்குக் கொண்டுவந்தது. அந்தக் குப்பத்து மீனவர் பாளையம் நாள்தோறும் காற்றையும் நீரோட்டத்தையும் குறித்துவைத்தார். இந்தக் கரையில் கலையும் தொழிலும் கடலறிவும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். எங்கள் பக்கத்தில் தோலுக்கு அப்படி ஒரு ஓவியக் கிராமம் எழவில்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உப்பைத் தூவுவார்கள். அந்த உப்பு தூத்துக்குடி போன்ற கடலோர உப்பளங்களிலிருந்து வருவது. தோலோடு ஏறி ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வந்து, டேனரியில் முதல் கழுவலில் கரைந்து, பல பத்தாண்டுகள் பாலாற்றிலும் மண்ணிலும் இறங்கியது. எங்கள் உறவினர் தோட்டத்துக் கிணறு உவர்ப்பேறித் தென்னை கருகியது இந்த உப்பால்தான். அதோடு ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட காலம் போய்க் குரோமியம் வந்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்ட வழக்குகளில் இது முக்கியமானது. பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, கழிவுநீரை வெளியே விடாத முறையும் வந்தது. ஆனால் நீரை ஆவியாக்கிய பின் மிஞ்சும் கலப்பு உப்பை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பது இன்னும் தீராத சிக்கல். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லி, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு தர உத்தரவிட வேண்டியிருந்தது.

பாலாறு வறண்ட ஆறு, அதன் அழுக்கு கடலுக்குப் போகாது என்று ஊரில் சொல்வார்கள். 2021 நவம்பரில் அந்த ஆறு இரு கரையும் தொட்டு ஓடியதை நாங்கள் பாலத்தில் நின்று பார்த்தோம். படுகையில் கிடந்தது எல்லாம் அன்று வயலூருக்குப் போயிருக்கும். ஆண்டின் பெரும்பகுதி இந்தக் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே, மாமல்லபுரத்தையும் கோவளத்தையும் நோக்கிப் போகிறது.

அதனால் கடற்கரையில் பை பிடித்துக் குப்பை பொறுக்கும் சர்ஃப் பள்ளிகளிடமும் ஓவியர்களிடமும் ஒரு வேண்டுகோள். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகக் கடற்கரைத் தூய்மை நாள். அடுத்த முறை பாதிப் பேர் கோவளத்தில் இருங்கள், பாதிப் பேர் காட்பாடி சந்திப்பில் வந்து இறங்குங்கள். டேனரித் தொழிலாளர்களையும் அழைத்துக்கொண்டு விருதம்பட்டுப் பாலத்தடியில் வேலையைத் தொடங்குவோம்.